பழியை வயதின் மேல் போடும் முன்

மூட்டு வலித்தால் வயசாயிடுச்சு. காது கேட்கவில்லையா, வயசாயிடுச்சு. பெயர் மறந்தால், இரவில் நாலு முறை சிறுநீருக்கு எழுந்தால், சாப்பாடு இறங்கவில்லை என்றால், யாரோடும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தால், எல்லாவற்றுக்கும் அதே ஒற்றைச் சொல். வீட்டில் இருப்பவர்கள் சொல்வது போதாதென்று சில நேரம் மருத்துவரும் அதையே சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுகிறார்.

முதியோர் மருத்துவம் பார்ப்பவர்கள் மத்தியில் உலகெங்கும் புழங்கும் பழைய துணுக்கு ஒன்று உண்டு. வலது முழங்கால் வலிக்கிறது என்று வந்த தொண்ணூறு வயதுத் தாத்தாவிடம், "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்றாராம் டாக்டர். "இடது முழங்காலுக்கும் அதே வயசுதானே டாக்டர், அது ஏன் வலிக்கல?" என்றாராம் தாத்தா. சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஆனால் தாத்தா கேட்டது சரியான மருத்துவக் கேள்வி.

முதுமை என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதற்குள் மூன்று தனித்தனிச் சரக்கு இருக்கிறது. ஒன்று, வயதால் மட்டுமே வருவது. இரண்டு, புழக்கம் நின்றதால் வருவது. மூன்று, நோய். முதலாவதுக்கு ஈடுகட்டலாம், திருப்ப முடியாது. இரண்டாவதைப் பெருமளவு திருப்பலாம். மூன்றாவதுக்கு வைத்தியம் உண்டு. எது எந்தக் கணக்கில் சேரும் என்று பிரிக்காமல் விடுவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய நஷ்டம்.

முதல் இரண்டையும் பிரித்துக் காட்டிய சோதனை ஒன்று 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்தது. இருபது வயதை ஒட்டிய, நோய்நொடி இல்லாத ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் கட்டிலை விட்டு இறங்காமல் படுக்க வைத்தார்கள். உடல் முழுமூச்சாக உழைக்கும்போது எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடிகிறது என்பதை முன்பும் பின்பும் அளந்தார்கள். 1996-ல் அதே ஐவரையும் ஐம்பது வயதில் தேடிப்பிடித்து மறுபடி அளந்தார்கள். முப்பது ஆண்டு முதுமை செய்த சேதம், இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை செய்த சேதத்தைவிடக் குறைவாக இருந்தது. அதன்பின் ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று படிப்படியாகக் கூட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். இழந்தது திரும்பி, 1966-ல் படுப்பதற்கு முன் இருந்த அளவுக்கே வந்து சேர்ந்தது. அதே சமயம், இதயம் அதிகபட்சமாகத் துடிக்கும் வேகம் மட்டும் பயிற்சிக்கு அசையவில்லை. அது வயதின் பங்கு. தசைகள் ரத்தத்திலிருந்து ஆக்ஸிஜனைக் கூடுதலாக உறிஞ்சப் பழகி அந்தக் குறையை ஈடுகட்டிக்கொண்டன. ஐந்தே பேர்தான், அதுவும் ஆண்கள் மட்டும், அதனால் அளவுக்கு மீறி இதில் சாய வேண்டாம். ஆனால் ஒரே உடலுக்குள் இரண்டு கணக்கு ஓடுவதை இவ்வளவு பளிச்சென்று காட்டிய ஆய்வுகள் குறைவு.

வயதின் கணக்கில் முழுசாகச் சேர வேண்டியதற்கு நல்ல உதாரணம் கண். கண்ணின் லென்ஸ் பிறந்ததிலிருந்து அடுக்கடுக்காக வளர்ந்துகொண்டே இருக்கிறது. தோலைப் போலப் பழையதை உதிர்க்க அதற்கு வழியில்லை. இறுகி இறுகி, கிட்டத்துப் பொருளுக்காக வளைந்து கொடுக்கும் தன்மையை நாற்பதைத் தாண்டியதும் இழந்துவிடுகிறது. வெள்ளெழுத்து என்கிறோம். இதன் இன்னொரு பெயரான சாளேசரம் என்பதே நாற்பதைக் குறிக்கும் வடநாட்டுச் சொல்லை ஒட்டி வந்தது என்பார்கள். அந்த அளவுக்கு நேரம் தவறாமல் வரும் மாற்றம் இது. வாசிப்புக் கண்ணாடி +1.00 அல்லது +1.25-ல் தொடங்கி அறுபது வாக்கில் +2.50-ஐ ஒட்டி நின்றுவிடும். கடையில் தொங்கும் ரெடிமேட் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் கண் டாக்டரிடம் போக இருந்த ஒரே காரணமும் அதோடு போய்விடுகிறது என்பதுதான் சிக்கல். கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலிக்காது, ஓரப் பார்வையை அரித்துக்கொண்டே வரும். நாற்பதுக்கு மேல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கண்ணின் அழுத்தத்தையும் நரம்பையும் பார்த்துவிட வேண்டும்.

கண்ணாடி பவரை மாற்றுவதற்கு முன் பல்பை மாற்றிப் பாருங்கள் என்பது இன்னொரு யோசனை. கண் பாப்பா சுருங்குவதாலும் லென்ஸ் பழுப்பேறுவதாலும் அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச்சேரும் வெளிச்சம், இருபது வயதுக் கண்ணுக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். பேரனுக்குப் போதும் என்று மாட்டிய கூடத்து விளக்கு தாத்தாவுக்கு அந்திப் பொழுது.

இங்கே ஒரு சிறு விலகல். பெண்ணின் பருவங்களை நம் மரபு ஏழாகப் பிரித்தது: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். கடைசிப் பருவம் நாற்பதோடு முடிகிறது. அதற்குமேல் வாழ்வின் இன்னொரு பாதிக்குப் பெயரே இல்லை. பெயரில்லாததால்தானோ என்னவோ, அதில் நடப்பதை யாரும் பேசுவதும் இல்லை.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டதாகக் கணக்கு. அதற்கு முந்தைய சில ஆண்டுகள்தான் பலருக்குப் படுத்தும்: முகத்திலும் கழுத்திலும் குப்பென்று சூடேறுவது, நடுராத்திரி வியர்த்து எழுவது, சின்னச் சொல்லுக்கும் சுள்ளென்று வருவது. "அம்மாவுக்கு இப்பெல்லாம் கோபம் ஜாஸ்தி" என்று வீடு முடிவு கட்டும் நேரத்தில் அம்மா பல மாதமாகச் சேர்ந்தாற்போல் நாலு மணி நேரம்கூடத் தூங்கியிருக்க மாட்டார். இது வயதின் கணக்கு, ஆனால் தாங்கிக்கொண்டே ஆக வேண்டியதில்லை, மகப்பேறு மருத்துவரிடம் நிவாரணம் உண்டு. ஒன்றை மட்டும் எந்தக் கணக்கிலும் எழுதிவிடக் கூடாது. நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கருப்பைப் புற்றுநோய் பல நேரம் அந்த ஒரு சொட்டில்தான் தன்னை அறிவிக்கிறது.

எலும்பு முப்பது வயது வரை சேமிப்பு, அதற்குப் பிறகு செலவு. மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாறு ஆண்டுகளில் இந்தச் செலவு பன்மடங்காகிறது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனில் டி-மதிப்பெண் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை. ஸ்கேன் இல்லாமல் வீட்டிலேயே கிடைக்கும் தடயமும் உண்டு. இளமையில் இருந்த உயரத்தைவிட நாலு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால், முதுகெலும்பில் ஏதோ ஒரு கட்டை சத்தமில்லாமல் நொறுங்கியிருக்கலாம். "கூன் விழுந்துருச்சு" என்று நாம் சாதாரணமாகச் சொல்வதில் ஒரு பகுதி உண்மையில் எலும்பு முறிவு. பழைய ஆவணம் எதிலாவது உயரம் குறித்திருந்தால் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இனி தசைக்கு வருவோம். கொஞ்சம் நின்று பேச வேண்டிய இடம் இது, ஏனென்றால் முதுமையில் ஒருவர் தன் வேலையைத் தானே பார்ப்பதும் இன்னொருவர் கையை எதிர்பார்ப்பதும் பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது.

முப்பதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை கரைகிறது. அறுபதுக்குப் பின் இன்னும் வேகம். எடை பார்க்கும் கருவியில் இது தெரியாது, கரைந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பிவிடும். "முப்பது வருஷமா அதே அறுபத்தஞ்சு கிலோ" என்று பெருமைப்படுபவரின் தொடையைப் பிடித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். 1989-ல் அமெரிக்க ஆய்வாளர் இர்வின் ரோசன்பர்க் இதற்குச் சார்கோபீனியா என்று பெயர் வைத்தார். தசையில் மெதுவாக நீண்ட நேரம் உழைக்கும் இழைகளும் உண்டு, சட்டென்று விசை கொடுக்கும் இழைகளும் உண்டு. வயது முதலில் கை வைப்பது சட்டென்று இயங்கும் இழைகளில். தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கும் பெரியவர் வாசற்படி தடுக்கினால் விழுந்துவிடுவதற்கு இதுவே காரணம். நடக்கும் இழை நன்றாக இருக்கிறது, தடுமாறும்போது காலை வீசி முன்னே ஊன்ற வேண்டிய இழை போய்விட்டது. நடைப்பயிற்சி மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

வீட்டில் அளக்க மூன்று வழி. கைப்பிடி இல்லாத, 43 முதல் 45 சென்டிமீட்டர் உயரமுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுசாக எழுந்து உட்கார வேண்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் கால் தசை போதவில்லை என்று பொருள். இரண்டாவது நடை வேகம். தரையில் ஆறு மீட்டருக்கு இரு முனையிலும் டேப் ஒட்டி, ஓரிரு அடி முன்னாலிருந்தே வழக்கமான வேகத்தில் நடந்து வரச் சொல்லுங்கள். ஆறு மீட்டரை ஆறு விநாடிக்குள் கடக்க வேண்டும். மூன்றாவது கைப்பிடி வலு. அதற்குக் கருவி வேண்டும், பிசியோதெரபி நிலையங்களில் இருக்கும். ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே போனால் குறைவு. ஆசிய உடல்களுக்கென்று 2019-ல் வகுத்த வரம்புகள் இவை. மேற்கத்திய எண்களை அப்படியே நம்மேல் பொருத்த வேண்டியதில்லை.

பயிற்சியும் அதே நாற்காலியில்தான். எழுவது வேகமாக, உட்காருவது மூன்று எண்ணி மெதுவாக. எட்டிலிருந்து பத்து முறை ஒரு சுற்று, ஒரு நிமிடம் ஓய்வு, இப்படி மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி விரல்நுனியில் நிற்பது, அதே கணக்கில். அடுத்து ஒரு பாதத்தின் குதிகால் இன்னொரு பாதத்தின் விரலைத் தொடும்படி முன்பின்னாக வைத்துப் பத்து விநாடி நிற்பது. மேடை கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது, பிரஷர் எகிறும். எழும்போது வாய்விட்டு எண்ணிக்கொண்டே எழுந்தால் மூச்சு தானாக வெளியேறும்.

இதில் கெட்டுப்போகும் இடம் ஒன்றுதான். பத்து முறை சுலபமாக வந்த பிறகும் மாதக்கணக்கில் அதே பத்தைச் செய்துகொண்டிருப்பார்கள். பாரம் கூடாமல் தசை கூடாது. பன்னிரண்டு முறை அலுப்பில்லாமல் வந்துவிட்டால் இரண்டு கையிலும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், அப்புறம் ஒரு லிட்டர். கடைசி இரண்டு முறை திணற வேண்டும், அதுதான் சரியான அளவு. மறுநாள் தொடை கடுத்தால் பரவாயில்லை. மூட்டுக்குள் குத்தினாலோ மார்பு அழுத்தினாலோ நிறுத்த வேண்டும். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், பிரஷர் கட்டுக்குள் வராதவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

இந்த வயதில் எதற்கு என்பவர்களுக்கு ஒரு தகவல். 1990-ல் பாஸ்டனில் மரியா ஃபியாடரோன் குழுவினர், முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரி வயது தொண்ணூறான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கனமான எடைப்பயிற்சி கொடுத்தார்கள். கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தசை தன் வயதைப் பார்த்து வளர மறுப்பதில்லை.

சாப்பாடு இல்லாமல் பயிற்சி மட்டும் செய்தால் இருக்கிற தசையும் தேயும். வயதானவர்களுக்கு நாளொன்றுக்கு எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். அறுபது கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். காலையில் மூன்று இட்லி, மதியம் சாதம் சாம்பார் ரசம் மோர், இரவு இரண்டு தோசை, நடுவில் இரண்டு காபி என்று போகும் நாளைக் கூட்டிப் பார்த்தால் 35 கிராமைத் தாண்டுவதே பாடு. "வயசானவங்களுக்கு லேசா கஞ்சி போதும்" என்பது அன்பால் செய்யும் பட்டினி. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6, ஒரு கப் வேகவைத்த கொண்டைக்கடலையில் 12 முதல் 14, நூறு கிராம் மீனில் 20-ஐ ஒட்டி. ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும், முதிய தசைக்கு ஒரு வேளைக்கு 20, 25 கிராமை ஒட்டிப் போனால்தான் உறைக்கும். சிறுநீரக நோய் இருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, மருத்துவர் சொல்லும் அளவே அளவு. சாப்பிடவே பிடிக்கவில்லை என்பவரின் வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். பருப்பும் கறியும் வேண்டாம் என்பது பல வீடுகளில் ருசிப் பிரச்சினை இல்லை, ஆடுகிற கடைவாய்ப்பல்.

மருத்துவமனையில் படுத்தால் கதை வேகமாக நகரும். நல்ல உடல்நிலையில் உள்ள முதியவர்களையே பத்து நாள் படுக்க வைத்த ஒரு சோதனையில் கால்களிலிருந்து மட்டும் ஒரு கிலோவுக்கு அருகில் தசைத்திசு போனது. காய்ச்சலுக்காகச் சேர்த்து, காய்ச்சல் குணமாகி, நடக்க முடியாமல் வீடு திரும்பும் பாட்டிகள் இப்படித்தான் உருவாகிறார்கள். தடையில்லை என்று மருத்துவர் சொன்ன அன்றே நாற்காலியில் உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள்.

வெளியே தெரியாத இன்னொரு சரிவு சிறுநீரகத்தில். நாற்பதுக்கு மேல், நிமிடத்துக்கு இத்தனை மில்லி என்று அளக்கும் அதன் வடிகட்டும் திறன் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர் வீதம் குறைகிறது. ஆனால் லேப் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 1.2 என்று, நார்மல் எல்லைக்குள் இருப்பதுபோல் வரும். கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டியது. தசை குறைந்தவருக்கு அது உற்பத்தியாவதே குறைவு. 1976-ல் காக்கிராஃப்ட்டும் கால்ட்டும் வகுத்த வாய்ப்பாட்டில் போட்டுப் பார்க்கலாம். முப்பது வயது, எழுபது கிலோ ஆணுக்கு 1.2 என்றால் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 89 மில்லி. எண்பது வயது, நாற்பத்தைந்து கிலோப் பாட்டிக்கு அதே 1.2 என்றால் 27 மில்லி. ஒரே எண், மூன்றில் ஒரு பங்குச் சிறுநீரகம். சிறுநீரகம் வழியே வெளியேறும் மாத்திரையை இருவருக்கும் ஒரே அளவில் கொடுத்தால் பாட்டிக்கு அது அளவுக்கு மீறிய மருந்து.

மாத்திரை என்றதும் சொல்லிவிட வேண்டியவை சில. சளி மாத்திரைகளில் சாதாரணமாக இருக்கும் குளோர்பெனிரமின், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின் போன்றவை முதியவர்களுக்கு மறதி, குழப்பம், சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல் எல்லாவற்றையும் கொண்டு வரக்கூடியவை. தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் டயசிபாம் இருபது வயதுக்காரர் உடலில் பாதியாகக் குறைய இருபது மணி நேரம் ஆகிறது என்றால் எண்பது வயதில் தொண்ணூறு மணி நேரம் ஆகும். தினமும் இரவில் ஒன்று போட்டால் நாலாம் நாள் உடம்பில் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பல வருடம் போட்டுக்கொண்டிருப்பவர் திடீரென்று நிறுத்தினால் அதுவும் ஆபத்து, மருத்துவர் மூலம்தான் குறைத்துக்கொண்டு வர வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டிலுள்ள அத்தனை மாத்திரையையும், நாட்டு மருந்து, பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த கால்வலி மாத்திரை உட்பட, ஒரே பையில் போட்டுக் குடும்ப மருத்துவரிடம் கொட்டிக் காட்டுங்கள். சுகருக்கு ஒருவர், பிரஷருக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர் என்று எழுதிக் கொடுத்தவை ஒன்றையொன்று பார்த்திருக்காது.

மனசுக்கு வருவோம். அறிவு மொத்தமாக மங்குகிறது என்ற நம்பிக்கை ஒரு கணக்குப் பிழையிலிருந்து வலுப்பெற்றது. ஒரே நாளில் இருபது வயதுக்காரரையும் எழுபது வயதுக்காரரையும் சோதித்து ஒப்பிட்டார்கள். எழுபதுக்காரர் மதிப்பெண் குறைவு. ஆனால் அவர் பள்ளிக்கூடம் போனது குறைவு, படித்த காலமும் வேறு. 1956-ல் வார்னர் ஷாயி சியாட்டில் நகரில் தொடங்கிய ஆய்வு அதே ஆட்களை ஏழாண்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சோதித்தது. அறுபதுக்கு முன் சராசரியில் உறுதியான சரிவு தென்படவில்லை. எழுபதுகளின் நடுவில்தான் எல்லாத் திறனிலும் சரிவு வந்தது, அதுவும் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசத்தோடு.

எது குறைகிறது? வேகம். இரண்டு வேலையை ஒரே நேரத்தில் தூக்கிச் சுமப்பது. பெயர்கள். பெயருக்குப் பிடிமானம் இல்லை என்பதுதான் கோளாறு. ஒருவர் தச்சர் என்றால் மரம், உளி, இழைப்புளி என்று நூறு கொக்கி உண்டு. அவர் பெயர் முருகேசன் என்பதற்கு ஒரு கொக்கியும் இல்லை. "வாயில வருது, வரமாட்டேங்குது" என்று தவித்துவிட்டு, குளிக்கும்போது தானாக நினைவுக்கு வந்தால் அது சாதாரண மறதி. எது குறையவில்லை? சொல்வளம் அறுபது வரைகூட ஏறுகிறது. ஊர் நடப்பு, தொழில் ஞானம், ஆளைப் பார்த்து எடை போடுவது எல்லாம் நிற்கின்றன.

குறைவதை வைத்துக்கொண்டே நிற்பதை எப்படி ஓட்டுவது என்பதற்குப் பால் பால்டெஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் அடிக்கடி சொன்ன உதாரணம் பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைன். எண்பது வயதில் அவர் வாசிக்கும் உருப்படிகளைக் குறைத்துக்கொண்டார். குறைத்ததைக் கூடுதலாகச் சாதகம் செய்தார். விரைவான பகுதி வருவதற்கு முன் வேண்டுமென்றே வேகத்தைத் தளர்த்தினார், அடுத்து வருவது முன்னைப் போலவே வேகமாகக் கேட்டது. நம் சபாக்களில் மூத்த வித்வான்கள் வேகமான பிருகாவைக் குறைத்து, ஒரே சுரத்தை நீட்டும் கார்வையில் நிற்பதும் இதே உத்திதான், பெயர் மட்டும் வைக்கவில்லை.

சாதாரணம் அல்லாதது எப்படி இருக்கும்? சாவியை எங்கே வைத்தோம் என்பது மறதி. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று தெரியாமல் நிற்பது வேறு. நாற்பது வருடமாக வைத்த வத்தக்குழம்பின் வரிசை குழம்புவது, பழகிய தெருவில் வழி தவறுவது, பணம் எண்ணுவதில் தப்பு, ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் நாலு தடவை கேட்பது, இவை மருத்துவரிடம் போக வேண்டியவை. அதுவும் ஞாபக மறதி நோய் என்று உடனே முத்திரை குத்துவதற்காகப் போவதில்லை. பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, எப்போதோ தலையில் இடித்து மெதுவாகத் தேங்கிய ரத்தக்கட்டு, மேலே சொன்ன மாத்திரைகள், மன அழுத்தம், இவை எல்லாமே அதே வேஷத்தில் வரும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு.

காது இதில் எதிர்பாராத இடத்தில் வந்து நிற்கிறது. வயதில் முதலில் போவது கீச்சொலிகள். ச, த, க போன்றவற்றின் நுனி ஓசை அங்கேதான் இருக்கிறது, உயிரெழுத்துகள் கீழே இருக்கின்றன. அதனால் பேசுவது காதில் விழும், என்ன சொன்னார்கள் என்று பிடிபடாது. "கத்தாதே, கேக்குது. தெளிவா பேசு" என்று பெரியவர்கள் எரிந்து விழுவது நூற்றுக்கு நூறு நியாயம். கத்தினால் உயிரெழுத்துதான் பெருக்கும். எதிரே உட்கார்ந்து, முகத்தில் வெளிச்சம் விழும்படி, மின்விசிறியையும் டிவியையும் அணைத்துவிட்டு, நிதானமாகப் பேச வேண்டும். பிடிபடாத பேச்சிலிருந்து மனிதர் விலகுவார், விலகினால் மூளைக்கு வேலை குறையும். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் மறதிநோய்க்குத் தடுக்கக்கூடிய காரணிகளாகப் பட்டியலிட்ட பதினான்கில் காது மந்தமும் ஒன்று. காது கருவி வாங்கி ஒரு வாரத்தில் அலமாரியில் போடுபவர்கள் உண்டு. முதல் நாளே கல்யாண மண்டபத்துக்குப் போட்டுக்கொண்டு போனால் அப்படித்தான் ஆகும். முதல் வாரம் வீட்டுக்குள், ஒருவரோடு மட்டும், ஒரு மணி நேரத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். மூளை பழக ஆறிலிருந்து எட்டு வாரம் கொடுக்க வேண்டும்.

உணர்ச்சியின் கணக்கு ஏறுமுகம் என்றால் பலர் நம்புவதில்லை. காலம் குறைவாகத் தெரியத் தெரிய மனிதர்கள் அறிமுகங்களை உதிர்த்துவிட்டு நெருக்கமானவர்களோடு நேரத்தைச் செலவிடுகிறார்கள், நல்லதில் கவனம் கூடுகிறது என்று அமெரிக்க உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சென் நீண்ட நாள் ஆய்ந்து காட்டியிருக்கிறார். "அப்பா யாரோடயும் பழகறதில்ல" என்பதில் பாதி இந்தத் தேர்வாக இருக்கலாம். மீதிப் பாதியைத்தான் கவனிக்க வேண்டும். முதுமையின் மன அழுத்தம் அழுகையாக வருவது குறைவு. உடம்பெல்லாம் வலி, வயிறு சரியில்லை, விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு, "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்று வரும். பிடித்த ஆள் வந்தால் முகம் மலர்ந்தால் அது தேர்வு. பேரப்பிள்ளை வந்து மடியில் ஏறினாலும் மலரவில்லை என்றால், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது நோய், வைத்தியம் பார்த்தால் சரியாகும்.

திடீர்க் குழப்பம் இன்னொரு வகை. நேற்று வரை தெளிவாகப் பேசியவர் இன்று மாலையிலிருந்து இல்லாத ஆளோடு பேசுகிறார், வேட்டியைப் பிடித்து இழுக்கிறார், நடுநடுவே தெளிகிறார். டெலிரியம் என்பார்கள். மறதிநோய் மாதக்கணக்கில் வரும், இது மணிக்கணக்கில் வரும். இதை மறதிநோய் என்று விட்டால் ஆள் போய்விடக்கூடும். பின்னால் சிறுநீர்த் தொற்று இருக்கலாம், நிமோனியா இருக்கலாம், சோடியம் குறைந்திருக்கலாம், நாலு நாள் மலச்சிக்கலாகக்கூட இருக்கலாம். முதியவர்களுக்கு நிமோனியா காய்ச்சல் இல்லாமலும் வரும், மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரும். திடீர்க் குழப்பம் சில நேரம் அவர்களுடைய ஒரே அறிகுறி. அதே நாளில் மருத்துவமனை. இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்கான எம்.டி. படிப்பு முதலில் தொடங்கியது 1996-ல், சென்னை மருத்துவக் கல்லூரியில். கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறந்தது. எங்கே போகிறீர்களோ, "வயசாயிடுச்சு" என்ற பதிலை இந்த ஒன்றுக்கு மட்டும் ஏற்காதீர்கள்.

கடைசியாக விழுதல். படுக்கையிலிருந்து எழுந்தால் கிர்ரென்று வருகிறது என்பவருக்கு, படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் பிரஷர் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் காரணம் அதுதான், பிரஷர் மாத்திரையை மருத்துவர் திருத்த வேண்டியிருக்கும். கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவு விளக்கு, ஈரக் கால்மிதி வேண்டாம், கழிவறைச் சுவரில் கைப்பிடி. துண்டு மாட்டும் கம்பி கைப்பிடி ஆகாது, ஆள் பாரத்துக்குச் சுவரோடு பெயர்ந்து வரும்.

விழுந்த பின் எழுவதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. முதலில் அசையாமல் ஒரு நிமிடம் படுத்து, எங்கே வலிக்கிறது என்று பார்க்க வேண்டும். இடுப்போ தொடையோ தாங்கமுடியாமல் வலித்தால், ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் எழவே முயலக் கூடாது. வலி இல்லையென்றால் பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி, பிறகு இரண்டு கையும் இரண்டு முழங்காலுமாகத் தவழும் நிலைக்கு வந்து, கனமான நாற்காலியோ கட்டிலோ இருக்கும் இடத்துக்குத் தவழ வேண்டும். இரண்டு கையையும் அதன் மேல் வைத்து, பலமான காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் பதித்து, கையாலும் அந்தக் காலாலும் ஒருசேர உந்தி எழுந்து, மெல்லத் திரும்பி உட்கார வேண்டும். உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்தே நிற்கலாம். எழ முடியவில்லை என்றால் கைக்கு எட்டும் போர்வையோ புடவையோ இழுத்துப் போர்த்திக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது புரண்டு படுக்க வேண்டும். ஒரே பக்கமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தால் நசுங்கும் தசையிலிருந்து வெளியேறும் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கும்.

சம்மணம் போட்டு உட்கார்ந்து எழும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே கைவந்ததுதான். மூட்டு அனுமதிக்கும் வரை அதை விடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்தில் மகனோ மகளோ நிற்க, கூடத்தில் ஜமுக்காளத்தை விரித்து, மேலே சொன்ன வரிசையில் ஒருமுறை எழுந்து பாருங்கள்.